சிங்க இறால் பிடித்தல்: கூடு வைத்தலும் சுழியோடலும்

இலங்கையைச் சூழ்ந்த ஆழங்குறைந்த கடலிலே, பாறையும் முருகைக்கல்லும் உள்ள இடங்களிற் சிங்க இறால் வாழ்கின்றது. கல்லிடுக்குகளிற் கிடப்பதாற் கல்லிறால் என்றும் இதனை வழங்குவர். சாதாரண இறாலினும் பன்மடங்கு பெரிதாயினும் இதற்குப் பெரிய கொடுக்குகள் இல்லை. முட்கள் செறிந்த ஓடும் நீண்டு தடித்த இரு மீசைகளுமே இதற்குக் காவல். பகைவரைக் கண்டவுடன் வாலைத் திடீரென உள்மடக்கிப் பின்னோக்கிப் பாய்ந்து தப்புவது இதன் இயல்பு. இதனைப் பிடிக்கும் முறைகள் இவ்வியல்பை அறிந்தே அமைந்தவை.

உயிருடனும் உறுப்புக் குறைவின்றியும் கரைசேரும் சிங்க இறாலே ஏற்றுமதிக்கு மிகவும் உகந்தது. அதற்குக் கிடைக்கும் விலை காலிழந்ததற்கும் இறந்ததற்கும் கிடைப்பதில்லை. இவ்வுயிரோ, அச்சமுறும்போதும் இழுபடும்போதும் தன் காலைத் தானே கழற்றிவிடும் இயல்பினது. பாறைமீது விரித்த வலையில் இரவு முழுவதும் சிக்கிக் கிடந்ததை விடிந்தபின் பிரித்தெடுப்போர் இதனை நன்கறிவர். காலோ மீசையோ முறியாமல் வலையிலிருந்து ஒன்றை எடுப்பது அரிது. சிறியனவும் முட்டை தாங்கியனவும் வலையிற் சிதைந்தபின், அவற்றைக் கடலில் விடுவதாற் பயனும் சிறிது. முருகைக்கற்பாரிலும் பாறையிலும் செவுள் வலை, மூவடுக்கு வலை என்பவற்றை இடுதல், 1996 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்கக் கடற்றொழில், நீர்வாழ் வளங்கள் சட்டத்தின் கீழ் ஆக்கப்பட்ட பிரமாணங்களால் விலக்கப்பட்டும் உள்ளது. கூட்டிலும் கையிலும் அகப்படும் இறாலை மட்டுமே நன்றாகப் பார்த்து, வேண்டாததை ஊறின்றித் திரும்ப விட இயலும்.

எந்த இனம் எம்முறைக்கு உரியது

நம் கடல்களிற் சிங்க இறாலினங்கள் ஆறு உள. இவற்றை வேறுபடுத்தி அறியாதவர் கூடு வைத்து வீணே காத்திருப்பர். ஏனெனில், எல்லா இனங்களும் இரை வைத்த கூட்டினுள் நுழைவதில்லை.

தென்கரையிலே தங்காலை, அம்பாந்தோட்டை, கிரிந்தை முதலிய இடங்களில் மிகுதியாக அகப்படுவது, வாலின் ஒவ்வொரு வளையத்திலும் அலைபோல் நெளிந்த குறுக்குப் பள்ளம் உடைய இனமாகும். கரும்பச்சையோ கபிலமோ ஆன நிறமுடைய இவ்வினம், மணலும் பாறையும் கலந்த, சற்றே கலங்கிய ஆழங்குறைந்த நீரிற் கூட்டமாக வாழும். மட்டியைப் பெரிதும் விரும்பும். கூட்டினுள் நுழையும் இனங்களுள் நம் மீனவருக்கு முதன்மையானது இதுவே.

குறுக்குப் பள்ளம் இன்றி, நீலமும் பச்சையும் கலந்த உடலும் வளையம் வளையமாகப் புள்ளியிட்ட கால்களும் உடையது அலங்கார இறால். உருவில் யாவற்றினும் பெரியது. ஆனால் கூட்டை நாடுவது மிக அரிது. அவுஸ்திரேலியாவுக்கும் பப்புவா நியூகினிக்கும் இடைப்பட்ட டொறஸ் நீரிணையில் இவ்வினத்தைப் பிடிப்போர் சுழியோடிகளாக இருப்பதற்குக் காரணம் இதுவே. பச்சை உடலில் வெண்கோடுகளும் வெண்மீசைகளும் உடைய இனம் தெளிந்த நீரிலுள்ள முருகைக்கல்லிடையே வாழ்வது. அதுவும் கூட்டுக்கு எளிதில் வசப்படாது. அலை மோதி உடையும் வெளிப்பார் விளிம்பில் வாழும் இனமொன்று உண்டு. அங்கே கூடும் நில்லாது, சுழியோடியும் நில்லான். கடல் அடங்கிய நாட்களில் மட்டுமே அதனை அணுகலாம். கபில உடலில் வெண்புள்ளிகள் நிறைந்த இனமும், சேற்றுப்பாங்கான நீரில் வாழும், வாலிற் குறுக்கே வெண்பட்டைகள் உடைய இனமும் எஞ்சியவை.

இருப்பிடத்தைக் காணல்

பகற்பொழுதிலே சிங்க இறால் பொந்தினுள் பின்புறமாக ஒதுங்கி, முகத்தை வெளிநோக்கி வைத்துக் கிடக்கும். உடல் இருளில் மறைந்திருப்பினும் மீசைகள் இரண்டும் வெளியே அசைந்துகொண்டிருக்கும். பழகிய கண் முதலிற் காண்பது இறாலையன்று, மீசையையே. ஒரு பொந்தில் ஒன்றைக் கண்டால் அப்பாறையின் அடுத்த பொந்துகளையும் ஆராய வேண்டும். பொந்து வாயிலே புதிதாக உடைந்த மட்டியோடுகள் கிடப்பின் அதுவும் நல்ல அடையாளம். எனினும் சாக்குக்கணவாயும் அவ்வாறே ஓடுகளைக் குவிக்குமாதலால், கையை விடுமுன் பார்த்துக் கொள்ளுதல் நன்று.

பொழுது சாய்ந்தபின் இவை வெளியேறி, மட்டி, சங்கினம், சிறு நண்டு, புழு முதலியவற்றைத் தேடிப் பாறையோரத்து மணலிலும் உலாவும். நிலவு பட்டப்பகல்போல் எறிக்கும் இரவுகளில் வெளிவருதல் குறைவு. ஆகவே கூட்டுக்காரருக்கு அமாவாசையை அண்டிய இரவுகளே விருப்பமானவை. தென்கரையிற் சோளகமும் கீழ்க்கரையில் வாடைக்காற்றும் ஓங்கும் மாதங்களில் நீர் கலங்கிச் சுழியோடலுக்கு உதவாது. ஆயினும், காற்று அடங்கிக் கலங்கல் முற்றாகத் தெளியுமுன் வரும் சில நாட்களிற் கூடுகள் நன்கு பலன் தருதல் உண்டு.

கூடு

கன்னியாகுமரிக் கரையின் கொளச்சல், முட்டம் முதலிய ஊர்களிற் பனைமட்டை நாரினாற் பின்னிய கூடுகளைக் கொண்டே சிங்க இறால் பிடிக்கும் வழக்கம் நெடுங்காலம் இருந்து வந்தது. நம் நாட்டிலும் பனையோ மூங்கிலோ பிரம்போ கிடைக்குமிடத்து அவ்வாறு செய்து கொள்ளலாம். இரும்புக் கம்பிச் சட்டத்தில் வலை போர்த்த கூடு நெடுநாள் உழைக்கும். செலவும் அதற்கேற்பக் கூடும். மூன்றடி நீளமும் இரண்டடி அகலமும் ஒன்றரையடி உயரமும் ஒரு சிறு வள்ளத்துக்குத் தக்க அளவாகும். வாயானது வெளியே அகன்றும் உள்ளே ஒடுங்கியும் புனல்போல் அமைதல் வேண்டும். உள்வாயின் ஓரம் வழுவழுப்பாக இருப்பின் உட்புகுந்தது பற்றியேறி வெளிப்படாது.

மூன்று நுட்பங்கள் பலராற் கவனிக்கப்படுவதில்லை. கூட்டின் பக்கத்தில், அடித்தளத்தை ஒட்டி, நீண்டு குறுகிய தப்புவழி ஒன்று விடப்படல் வேண்டும். இறால் தரையோடு நடப்பதாதலின் மேலே விட்ட வழி அதற்குப் பயன்படாது. சட்டப்படியான மிகச் சிறிய இறால் நுழைய முடியாததும், அதனிற் சிறியது வெளியேறக் கூடியதுமான அளவை நேரே வைத்துப் பார்த்து அமைத்துக் கொள்க. மேற்கு அவுஸ்திரேலியாவிலே இத்தகைய தப்புவழி கூட்டுக்காரர் யாவருக்கும் கட்டாயமாக்கப்பட்டுள்ளது. சிறியவை தாமே வெளியேறுவதாற் பெரியவற்றுக்கு இடமும் இரையும் எஞ்சுகின்றன. கூட்டை ஏற்றியபின் தெரிந்தெடுக்கும் வேலையும் குறைகின்றது.

கூட்டின் ஒரு பக்கத்தை நைலோன் கயிற்றாற் கட்டாது உக்கிப்போகும் பருத்தி நூலினாற் கட்டுதல் அடுத்தது. கயிறறுந்து தொலைந்த கூடு கடலடியிற் கிடந்து தானே பிடித்துக் கொண்டிருக்கும்; உள்ளே இறந்தது அடுத்ததற்கு இரையாகும். நூல் உக்கினால் அப்பக்கம் திறந்துவிடும். ஒரு கூடு தொலைந்த நட்டம் அக்கூட்டோடு முடிவதற்கு ஒரு முழ நூல் போதும்.

இரை புதியதாக இருத்தல் மற்றொன்று. நாறிய மீன் இறாலை இழுக்கும் என்பது தவறான எண்ணம். அது நண்டையும் விலாங்கையுமே கூட்டுகின்றது. உடைத்த மட்டி மிகச் சிறந்தது; அது கிடையாவிடிற் புதிய மீன்தலையைப் பயன்படுத்தலாம்.

மாலையிற் கூட்டைப் பாறையின்மேல் இடாது, பாறை முடிந்து மணல் தொடங்கும் விளிம்பில் இறக்குக. முருகைக்கல் உடையாமலும் கயிறு சிக்காமலும் இருக்க இதுவே வழி; இறால் இரைதேடி வரும் பாதையும் அதுவே. விடியற்காலையில் தவறாது ஏற்றுதல் வேண்டும். பிந்தினாற் சாக்குக்கணவாய் உட்புகுந்து ஓட்டை மட்டும் மிச்சம் வைக்கும்.

சுழியோடல்

சுழியோடிக்கு வேண்டியவை தடித்த கையுறை, நீர்க்கண்ணாடி, ஒரு பை, நுனியிற் சுருக்குக் கயிறு கட்டிய கோல் என்பனவே. ஈட்டி வேண்டா. ஈட்டி பாய்ந்த இறால் உயிருடன் விலைப்படாது. அது முட்டை தாங்கியதாயினும் சிறியதாயினும் திரும்ப விட வழியில்லை.

முன்னிருந்து கையை நீட்டினால் இறால் பின்வாங்கிப் பொந்தின் ஆழத்திற் புகுந்து முட்களை ஊன்றிக் கொள்ளும். பின் இழுத்தால் மீசையே கையில் வரும். கோலின் சுருக்கை மெல்ல அதன் பக்கமாகச் செலுத்தி, வாலுக்குப் பின்னே விரித்து வைத்து, முன்னேயுள்ள மீசையை இலேசாகத் தொட வேண்டும். அது தானே பின்னோக்கி நகர்ந்து சுருக்கினுள் வரும். கையாற் பிடிப்பதாயின் மீசையின் நுனியை விட்டு, அதன் தடித்த அடியையோ முதுகோட்டையோ ஒரே முறையில் இறுகப் பற்றுதல் வேண்டும். நச்சுமுள் மீன்களும் கடல்முள்ளெலிகளும் அதே பொந்துகளில் இருப்பதால், கண்ணாற் காணாத இடத்திற் கைவைத்தலாகாது.

இவற்றினும் பெரிய ஆபத்து மூச்சில் உள்ளது. மூச்சடக்கிச் சுழியோடுவோர் சிலர், இறங்குமுன் பலமுறை விரைந்து மூச்சிழுத்தால் அதிக நேரம் நிற்கலாம் என்று கருதுகின்றனர். அவ்வாறு செய்வதாற் காற்றுத் தேவையை உணர்த்தும் கரியமிலவாயு இரத்தத்திற் குறைகின்றது. ஒட்சிசன் தீர்ந்தும் உடல் எச்சரிப்பதில்லை. மேலேறும் வழியில், நீர்மட்டத்தை அண்மிக்கையிலேயே மயக்கம் வந்து மூழ்குவர். இருவர் சென்று, ஒருவர் இறங்கும்போது மற்றவர் மேலிருந்து பார்த்தலே இதற்குக் காப்பு.

காற்றுக் கலத்துடனோ, படகிலுள்ள காற்றழுத்திக் குழாயுடனோ இறங்குவோரின் ஆபத்து வேறு. 10 மீற்றர் ஆழத்தில் உடல்மீது நீர்மட்டத்திலுள்ளதைப் போல் இருமடங்கு அழுக்கம் உண்டு. அவ்வழுக்கத்திற் சுவாசித்த நைதரசன் உடலிற் கரைந்து நிற்கும். விரைந்து மேலேறினால், சோடாப் போத்தலைத் திறந்ததுபோல் அது இரத்தத்திற் குமிழியாகும். மூட்டுவலி, கால் மரத்தல், சில வேளை வாழ்நாள் முழுவதும் நடக்க இயலாமை, மரணம் என்பன இதனால் வருவன. நிமிடத்துக்கு 9 மீற்றருக்கு மேற்படாமல் ஏறுக. ஏறும்போது மூச்சை ஒருபோதும் அடக்கற்க. நுரையீரலிலுள்ள காற்று விரிந்து அதனைக் கிழித்துவிடும். ஒரே நாளிற் பலமுறை ஆழத்துக்கு இறங்குதல், ஒவ்வொரு முறையும் நலமாக ஏறினும், நைதரசனை உடலிற் சேர்த்துக்கொண்டே போகும். மூட்டு நொந்தவன் வலியாற்ற மீண்டும் ஆழத்துக்கு இறங்கும் வழக்கம் கொடியது; அவனைத் தாமதியாது வைத்தியசாலைக்கு அனுப்புக.

எதனைத் திரும்ப விடல் வேண்டும்

பெண்ணிறாலின் கடைசிக் காலிணையின் நுனியிற் சிறு கொடுக்கு உண்டு; ஆணுக்கு அது இல்லை. பெண்ணின் வாலின் அடியில் முட்டைகள் இலட்சக்கணக்கில் ஒட்டியிருக்கும். புதியவை செம்மஞ்சளாகவும் பொரிக்கும் தறுவாயிலுள்ளவை கபிலமாகவும் தோன்றும். மார்பின் அடியிற் களிம்பு பூசியதுபோன்ற திட்டுக் காணப்படின், அது ஆணோடு சேர்ந்து விரைவில் முட்டையிடப் போவது என்று அறிக. முட்டை தாங்கியதையும், ஓடு கழற்றி மென்மையாயிருப்பதையும், சட்ட அளவிற் குறைந்ததையும் பிடித்தல் குற்றமாகும். முட்டையைச் சுரண்டிவிட்டு விற்போர் சட்டத்தை ஏமாற்றுவதாக எண்ணினும், அடுத்த ஆண்டுகளின் தம் பையையே வெறுமையாக்குகின்றனர். பொரித்த குஞ்சு கண்ணாடிபோன்ற இலை வடிவினதாய்ப் பல மாதங்கள் திறந்த கடலில் மிதந்த பின்பே கரைநாடி வருகின்றது. அவற்றுட் பிழைப்பவை மிகச் சிலவே.

பெப்ரவரி, செத்தெம்பர், ஒற்றோபர் ஆகிய மாதங்களிற் சிங்க இறால் பிடித்தல் இந்நாட்டிலே தடை செய்யப்பட்டுள்ளது. எமது வெப்பக் கடலில் ஆண்டு முழுவதும் முட்டையிடுதல் நிகழ்வதால், ஏனைய மாதங்களில் ஒவ்வொன்றையும் திருப்பிப் பார்த்தே பையிலிடல் வேண்டும். கண்களுக்கு இடையிலிருந்து முதுகோட்டின் பின்விளிம்பு வரை அளப்பதே முறை. மாவட்டக் கடற்றொழில் அலுவலகத்தில் நடைமுறையிலுள்ள அளவையும் உத்தரவுச்சீட்டு விபரத்தையும் கேட்டறிந்து, அவ்வளவுக்கு ஒரு மரத்துண்டில் வெட்டுவாய் இட்டுப் படகில் வைத்திருத்தல் நலம். திரும்ப விடுவதை மேலிருந்து எறியாது, பிடித்த பாறையின் அருகே இறக்கி விடுக. நீரில் மெல்லத் தாழும் இறாலை மீன்கள் விட்டு வைப்பதில்லை.

எடுத்துக்கொண்டவற்றை வெயிலிற் போடாது, கடல்நீரில் நனைத்த சாக்கினால் மூடி நிழலில் வைக்க வேண்டும். ஒன்றன்மேல் ஒன்றாகக் குவித்தாற் கால்கள் முறியும். கழுவுவதற்கு நன்னீரையோ, குளிர்விப்பதற்கு உருகும் பனிக்கட்டியையோ பயன்படுத்தலாகாது. நன்னீர் பட்ட இறால் சோர்ந்து இறக்கும். கொள்வனவாளர் வரத் தாமதமாயின், ஆற்றுநீர் கலவாத ஓட்டமுள்ள இடத்தில் மிதவைக் கூட்டிலிட்டு வைக்கலாம். அங்கே ஓடு கழற்றிய மென்னிறாலை மற்றவற்றோடு சேர்த்து விட்டால், மறுநாட் காலையில் அதன் ஓட்டுத்துண்டுகளே எஞ்சியிருக்கும்.