மாளிகையின் கீழ்த்தளம்: சின்னத்திரை சொல்லாத வேலைக்காரர் வாழ்க்கை

கடந்த காலத்தைச் சித்திரிக்கும் தொலைக்காட்சித் தொடர்கள் பொருள்களில் காட்டும் கவனத்தை மனித உறவுகளில் காட்டுவதில்லை. ஜூலியன் ஃபெல்லோஸ் உருவாக்கி, 2010 முதல் 2015 வரை பிரிட்டனில் ஒளிபரப்பான 'டவுன்டன் ஆபி' இதற்கு நல்ல உதாரணம். டைட்டானிக் மூழ்கிய செய்தியோடு 1912இல் தொடங்கும் கதை, 1926ஆம் ஆண்டு பிறக்கும்போது முடிகிறது. மேல்தளத்தில் பிரபுவின் குடும்பம், கீழ்த்தளத்தில் வேலைக்காரர்கள் என இரண்டு உலகங்களும் அதில் வருகின்றன.

மேசையில் கரண்டி வைக்கும் முறை முதல் உட்காரும் தோரணை வரை சரிபார்க்க அலஸ்டேர் புரூஸ் என்ற வரலாற்று ஆலோசகர் இருந்தார். அதனால் கண்ணுக்குத் தெரியும் பொருள்களில் பிழை குறைவு. பிழை இருப்பது எஜமானுக்கும் வேலையாளுக்கும் இடையில்.

தொடரில் பிரபு தன் சமையல்காரியைக் கண் சிகிச்சைக்கு லண்டனுக்கு அனுப்பிவைக்கிறார். இப்படிப்பட்ட நல்ல மனம் படைத்தவர்கள் அன்றும் இருந்தார்கள். ஆனால் 1911இல் லாயிட் ஜார்ஜ் கொண்டுவந்த தேசிய காப்பீட்டுச் சட்டம், வேலைக்காரருக்கு நோய்க்காலப் பாதுகாப்பு தர எஜமானர்களிடம் வாரம் சில பென்னி கேட்டது. அதை எதிர்த்து லண்டன் ராயல் ஆல்பர்ட் அரங்கில் எஜமானிகள் திரண்டு பெருங்கூட்டம் நடத்தினார்கள். பணிப்பெண்கள் சிலரும் அவர்களோடு சேர்ந்துகொண்டார்கள்.

இரு தரப்புக்கும் இடையே இருந்த தூரத்துக்கு மார்கரெட் பவலின் அனுபவம் சாட்சி. 1920களில், பதின்ம வயதிலேயே, ஹோவ் நகரில் ஒரு வீட்டில் சமையலறை எடுபிடியாகச் சேர்ந்தவர் அவர். ஒருநாள் செய்தித்தாளை எஜமானியிடம் கையால் நீட்டிவிட்டார். எதையும் வெள்ளித் தட்டில் வைத்துத்தான் தர வேண்டும் என்று கண்டிக்கப்பட்டார். காலணிகளின் கயிற்றைக்கூட அவர் இஸ்திரி போட வேண்டியிருந்தது. இவற்றையெல்லாம் அவர் 1968இல் வெளியிட்ட தன்வரலாற்றில் பதிவுசெய்தார். டவுன்டனிலோ பிரபுவின் மகள் தன் அந்தரங்கத்தையெல்லாம் பணிப்பெண்ணிடம் கொட்டுகிறாள்.

வேலையின் பளுவும் திரையில் லேசாகிவிடுகிறது. உண்மையில் வீடு விழிக்கும் முன்பே எழுந்து, கணப்புகளின் சாம்பலை அள்ளி, நிலக்கரி சுமந்து, குளிக்க வெந்நீர் தூக்கி, கழிவுக் கலங்களைக் கழுவுவதிலேயே பணிப்பெண்ணின் காலை கழிந்தது. இரவு விருந்துப் பாத்திரங்கள் கழுவி முடியும்வரை ஓய்வு கிடையாது. மேலும், அன்று இங்கிலாந்தில் வேறெந்தத் தொழிலையும்விட வீட்டுவேலையில்தான் அதிகப் பெண்கள் இருந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் வேலை செய்தது மாளிகைகளில் அல்ல. ஒன்றிரண்டு வேலைக்காரரே உள்ள நடுத்தர வீடுகளில். பேச்சுத்துணைகூட இல்லாமல் எல்லா வேலையையும் ஒருத்தியே செய்த வீடுகள் ஏராளம்.

சமூக மனப்பான்மையிலும் இன்றைய சாயல் படிந்திருக்கிறது. ஆண்களுக்கு இடையிலான பாலுறவுக்கு 1885ஆம் ஆண்டுச் சட்டம் இரண்டாண்டு வரை கடின உழைப்புடன் சிறைத்தண்டனை விதித்தது. தாமஸ் என்ற வேலையாள் அந்த ஆபத்தில் சிக்கும்போது, பிரபு போலீஸ் நடவடிக்கையைத் தடுத்து அவரை வேலையிலும் வைத்துக்கொள்கிறார். அக்காலத்தில் அப்படிச் சிக்கிய வேலையாள் நற்சான்றுக் கடிதம்கூட இல்லாமல் வெளியேற்றப்படும் வாய்ப்பே அதிகம்.

இந்தத் திரிபுகளுக்குக் கதையின் தேவையே காரணம். பிரபுவை வெறுத்துவிட்டால் பார்வையாளர் அடுத்த வாரம் வரமாட்டார். அதனால் பிரபு தன் காலத்தைத் தாண்டி யோசிப்பவராக ஆகிவிடுகிறார். மாடிக்கும் கீழ்த்தளத்துக்கும் கதை ஓட வேண்டுமானால் இரு தரப்பும் மனம்விட்டுப் பேச வேண்டும். தினமும் ஒரேபோல நடக்கும் கரி சுமக்கும் வேலை கதையை நகர்த்தாது; அதனால் சமையலறை உரையாடல் நடக்கும் இடமாகிறது.

இதனால் வரலாற்றின் காரண காரியமே மாறித் தெரிகிறது. வேலைக்காரர்களின் நிலையை மாற்றியது காப்பீடு போன்ற சட்டங்களும், முதல் உலகப்போரில் பெண்களுக்குத் திறந்த தொழிற்சாலை, அலுவலக வேலைகளும், வீட்டுவேலையை விட்டு விலகத் துணிந்த அந்தப் பெண்களின் முடிவும். எஜமானின் நல்ல மனமே எல்லாவற்றையும் தீர்த்தது என்று காட்டும் தொடர், அந்த மாற்றத்தை உழைத்துப் பெற்றவர்களிடமிருந்து பறித்து எஜமானர் கணக்கில் எழுதிவிடுகிறது.