பட்டாளமும் முறையீடும்

‘முறையீடு’ என்னும் சொல் ‘முறை’ என்பதன் அடியாகப் பிறந்தது. முறை என்பது பண்டை நூல்களில் நீதியையும் குறிக்கும். ஆகவே முறையீடு வெறுங் கூக்குரல் அன்று. நீதியை நோக்கி எழும் குரலாகும். அதனைக் கேட்கச் செவி இல்லாதபோது மக்கள் தெருவுக்கு வருகின்றனர். அவர்களை அடக்கப் படை வருகின்றது. பெண்களுக்கும் சிறாருக்கும் இழைக்கப்படும் கொடுமையில் இவ்வுண்மை எவ்வாறு விளங்குகின்றது என்பதை இரண்டு நிகழ்ச்சிகளால் ஆராய்வோம்.

முதலாவது, 1941ஆம் ஆண்டில் நம் நாட்டிலேயே நிகழ்ந்தது. கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் ஆர். எச். நாதன் முதலியோரின் தலைமையில் வேலைநிறுத்தம் செய்தனர். அது கூலிக்காக மட்டுமே நடந்ததெனப் பலர் எண்ணுகின்றனர். சீனத் தொழிலாளர்க்கு நிகரான கூலியை அவர்கள் கேட்டது உண்மையே. அதனுடன் பிள்ளைகளுக்குக் கல்வி கேட்டனர். கள்ளுக்கடைகளை மூடச் சொன்னார்கள். துரையைக் கண்டால் மிதிவண்டியை விட்டு இறங்கவேண்டும் என்ற இழிவை நீக்கச் சொன்னார்கள். துரைமாரும் தோட்ட அலுவலரும் தொழிலாளர் வீட்டுப் பெண்களிடம் முறைகேடாக நடப்பது உடனே ஒழியவேண்டும் என்பதும் அக்கோரிக்கைகளுள் ஒன்று.

வேலை கொடுப்பவரும், குடியிருக்க லயம் கொடுப்பவரும், வழக்குத் தீர்ப்பவரும் ஒருவரே என்றால், ஒரு பெண் யாரிடம் சென்று முறையிடுவாள்? பேராவில் பால்மரம் வெட்டி ஓய்ந்த மூதாட்டியர் சிலர், தாம் சிறுமியராக இருந்தபோது, “அந்த நிரைக்குத் தனியே போகாதே” என்று தாய்மார் எச்சரித்ததை என்னிடம் கூறியுள்ளனர். அக்காலத்தில் அவர்களுக்கு இருந்த காவல் அந்த எச்சரிக்கை ஒன்றே.

மே மாதத்தில் நாதன் கைதாகிப் பின்னர் நாடுகடத்தப்பட்டார். தொழிலாளர் கொதித்தெழுந்தனர். சிலாங்கூரில் அவசரநிலை அறிவிக்கப்பட்டது. இந்தியப் படையினர் வரவழைக்கப்பட்டனர். துப்பாக்கிச் சூட்டில் குறைந்தது ஐவர் மாண்டனர். வேலைநிறுத்தம் அடங்கிற்று. ஆனால் துப்பாக்கி, முறையீட்டிற்கு விடை கூறும் கருவி அன்று.

இரண்டாவது, 74 ஆண்டுகளுக்குப்பின் யாழ்ப்பாணத்தில் நிகழ்ந்தது. 2015 மே 13ஆம் நாள், புங்குடுதீவில் பள்ளிக்குச் சென்ற 18 வயது மாணவி கடத்தப்பட்டு, வன்கொடுமைக்கு ஆளாகிக் கொல்லப்பட்டாள். சந்தேகத்திற்குரிய ஒருவன் தப்ப விடப்பட்டான் என்ற செய்தி பரவவே, மாணவரும் இளைஞரும் திரண்டனர். மே 20ஆம் நாள் யாழ்ப்பாண நீதிமன்றத்தின்மீது கற்கள் வீழ்ந்தன. கண்ணீர்ப்புகை வீசப்பட்டது, போர்ப்பயிற்சி பெற்ற காவற்பிரிவாகிய சிறப்பு அதிரடிப்படை இறக்கப்பட்டது, ஏறத்தாழ 130 பேர் கைதாயினர்.

நீதிமன்றத்தின்மீது கல்லெறிந்தது தவறே. ஆயினும் இளைஞரின் ஐயம் வீண் ஐயம் அன்று. அவன் தப்ப உதவினார் என்ற குற்றச்சாட்டின்பேரில் 2017இல் உயர் காவல் அதிகாரி ஒருவரே கைதானார். அவ்வாண்டு செப்டம்பர் 27ஆம் நாள், மூன்று நீதிபதிகள் அடங்கிய மன்றம் எழுவருக்கு மரண தண்டனை விதித்தது; இருவரை விடுவித்தது. அதிரடிப்படை தெருவை வெறுமையாக்கிற்று. சாட்சிகளைக் கேட்ட மன்றமே முறையீட்டிற்கு விடை கூறிற்று. அந்தச் செவி முதல் நாளே திறந்திருந்தால், படைக்கு அங்கு வேலை ஏது?

இனி நம் கடமைக்கு வருவோம். மலேசியாவில் 2017இல் சிறார்க்கெதிரான பாலியல் குற்றச் சட்டம் இயற்றப்பட்டது. வேறு சான்று இல்லாவிடினும் குழந்தையின் வாக்குமூலத்தைக் கொண்டே தண்டிக்க அச்சட்டம் இடந்தருகின்றது. குற்றத்தை அறிந்தும் அறிவிக்காதவருக்கு 5,000 ரிங்கிட் வரை அபராதம் உண்டு. ஆசிரியரும் இதற்கு விலக்கல்லர்.

நான் பயிற்சி பெற்ற காலத்தில் இலக்கணமும் கற்பிக்கும் முறையும் கற்றேன். ஒரு சிறுமி புத்தகத்தை மூடிவைத்துவிட்டு அழுதால் என்ன செய்யவேண்டும் என்பதை ஒருவரும் கற்பிக்கவில்லை. “பள்ளியின் பெயர் கெடும், பேசாதிருங்கள்” என்ற அறிவுரையை மட்டும் பலமுறை கேட்டிருக்கின்றேன். அஃது அறிவுரை அன்று. செவியை அடைக்கும் பஞ்சு.

தோட்டங்கள் பல செம்பனைக் காடாகவும் வீடமைப்புப் பகுதியாகவும் மாறிவிட்டன. லயங்கள் மறைந்தன, பள்ளிகளோ இன்னும் இருக்கின்றன. குழந்தையின் முறையீடு முதலில் வந்து சேரும் வாயில் பெரும்பாலும் வகுப்பறையே. அவ்வாயிலை நாம் அடைக்காதிருப்போமாக.