பின்பாரம்

பிள்ளைச்சாவடியில் எங்கள் தெருவுக்குக் கிழக்கே கடல், மேற்கே கிழக்குக் கடற்கரைச் சாலை. என் பிக்கப்புக்கு இரண்டு பிழைப்பு. விடிகாலையில் மீன் பெட்டியும் ஐஸும். பள்ளி விடுமுறை வந்துவிட்டால் முகாம் போகிற பிள்ளைகளின் கூடாரம், பாய், அண்டா, ஜெனரேட்டர், தண்ணீர் கேன்.

இரண்டு வருஷத்துக்கு முன்பு ஜவ்வாது மலைக்கு ஒரு முகாம். முப்பது பிள்ளைகள், ஜமுனாமரத்தூரில் இரண்டு இரவு. ஏற்றிய சாமான் மொத்தம் ஒரு டன்னுக்குள்தான். என் வண்டி ஒன்றேகால் டன் தாங்கும். கணக்கில் தப்பே இல்லை. ஆனால் பின்பக்கம் நாய் குந்தின மாதிரி தரையைப் பார்த்து இறங்கிவிட்டது. மூக்கு மேலே தூக்கிக்கொண்டது.

திண்டிவனம் தாண்டும்போது இருட்டிவிட்டது. எதிரே வந்த ஒவ்வொரு லாரியும் எனக்கு விளக்கடித்தது. நான் டிம்மில்தான் போனேன். செஞ்சியில் டீ குடிக்க நிறுத்தியபோதுதான் பார்த்தேன்: என் விளக்கு சாலையில் விழவில்லை, எதிரே இருந்த புளியமரத்தின் உச்சியில் விழுந்தது. அத்தனை டிரைவர்களின் கண்ணையும் நான் கூசவைத்துக்கொண்டு வந்திருக்கிறேன். போளூர் தாண்டி மலை ஏறும்போது இன்னும் மோசம். வளைவில் ஸ்டியரிங் பஞ்சாக இருந்தது. முன்சக்கரம் தரையைப் பிடிக்கவில்லை. நடக்கிற வேகத்தில் ஏறினேன். பிள்ளைகள் பின்னால் பஸ்ஸில் வந்தார்கள். அது ஒன்றுதான் அன்றைக்கு ஆறுதல்.

ஊர் திரும்பியதும் ஒரு பட்டறையில் காட்டினேன். “பக்கத்துக்கு ரெண்டு ஸ்பிரிங் பட்டை சேத்துப் போடுண்ணே, கல்லு மாதிரி நிக்கும்” என்றார்கள். போட்டேன். நின்றது. காலி வண்டி ஓட்டினால் முதுகெலும்பு கழன்றது. மீன் பெட்டி துள்ளி ஐஸ் நொறுங்கியது. அடுத்த முகாமுக்குச் சாமான் ஏற்றியபோது பின்பக்கம் உயரமாகத்தான் இருந்தது. ஸ்டியரிங் மட்டும் அதே பஞ்சு.

அப்போதுதான் தாத்தா நினைவுக்கு வந்தார். காலாப்பட்டுப் பக்கத்துத் தோப்புகளிலிருந்து மாட்டு வண்டியில் சவுக்குக் கட்டை ஏற்றியவர். ஏற்றி முடித்ததும் நுகத்தடியைக் கையால் தூக்கிப் பார்ப்பார். லேசாக எழுந்தால், “பின்பாரம். மாட்டுக் கழுத்தை நெரிக்கும்” என்று ரெண்டு கட்டையை முன்னால் இழுத்துப் போடுவார். கல்லாக அழுத்தினால் முன்பாரம். மாடு முட்டி போடும். அச்சுக்கு முன்னே எவ்வளவு, பின்னே எவ்வளவு என்பதுதான் அவருடைய கணக்கு முழுவதும்.

பிக்கப்புக்கும் அதே கணக்குதான். முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே 10 அடி என்று வையுங்கள். பின் அச்சைத் தாண்டி 4 அடியில், பின்கதவோரமாக, 200 கிலோ வைத்தால் பின் அச்சு சுமப்பது 200 அல்ல, 280 கிலோ. அந்த அதிகப்படி 80 கிலோ முன் அச்சிலிருந்து எடுத்தது. ஏற்றமரத்தில் ஒருவன் பின்னால் நடந்தால் முன்பக்கம் எழும்புகிற மாதிரி. முன்சக்கரத்தில் பாரம் குறைந்தால் திருப்பவும் முடியாது, பிரேக்கும் சரியாகப் பிடிக்காது. எத்தனை பட்டை சேர்த்தாலும் இந்த 80 கிலோ முன்னால் திரும்பி வராது.

எங்கள் சாமானில் பாரமே தண்ணீர்தான். ஒரு லிட்டர் ஒரு கிலோ; 20 லிட்டர் கேன் இருபதுக்கு 400 கிலோ. இறங்கியதும் முதலில் கேட்பது தண்ணீர் என்பதால் அதைக் கடைசியில் கதவோரம் ஏற்றியிருந்தோம். பெரிதாகத் தெரிந்த கூடாரப் பைகள்தான் முன்னால் இருந்தன. அவற்றுக்கு எடையே கிடையாது.

ஆனால் பட்டையிலும் கோளாறு இருந்தது. எங்கள் ஊர்ப் பக்கத்து மேட்டுப்பாளையத்தில் லாரிப் பட்டை வேலை பார்க்கிற ஒரு பெரியவர் பட்டைக் கட்டைக் கழற்றிப் பிரித்தபோது, இடப்பக்கம் மூன்றாவது பட்டை சென்டர் போல்ட் ஓட்டையருகே கீறியிருந்தது. உப்புக்காற்று. பட்டைகளுக்கு நடுவே துரு தின்று குழி விழுந்தால் கீறல் அங்கேதான் தொடங்கும். “கடலோர வண்டி தம்பி, மாசம் ஒருக்கா அடியில நல்ல தண்ணி அடி” என்றார். ஐஸ் உருகி ஒழுகும் மீன் தண்ணீரும் உப்புதான். அதை நான் யோசித்ததே இல்லை.

பழைய பட்டையைக் காய்ச்சி அடித்து வளைவு ஏற்றித் தருகிறோம் என்று பலர் சொல்வார்கள். பட்டைக்கு உரம் வருவது ஆலையில் காய்ச்சி, எண்ணெயில் தோய்த்து, மறுபடி பதமாகச் சூடேற்றுவதால். உலையில் சிவக்கக் காய்ச்சி வெறுமனே ஆறவிட்டால் அந்த உரம் போய்விடும். பாரம் ஏறியதும் மறுபடி தொங்கும். பெரியவர் அதைச் செய்யவில்லை; சேர்த்துப் போட்ட பட்டைகளை எடுத்துவிட்டு, கம்பெனி அளவிலேயே புதுக் கட்டு போட்டார். ஷாக் அப்சார்பர் மாற்றினால் போதும் என்பாரும் உண்டு. அது குலுக்கலை அடக்கும்; பாரம் தாங்குவது அதன் வேலையல்ல.

ஆஸ்திரேலியாவில் பிக்கப்பில் முகாம் போகிறவர்கள் பட்டைக்குத் துணையாகக் காற்றுப் பை வைக்கிறார்கள். அளவு மீறி பின்பாரம் ஏற்றிக் காற்றை நிரப்பி நிமிர்த்திய வண்டிகளில் சேஸிஸே வளைந்திருக்கிறது. பின்பக்கம் நிமிர்ந்து நிற்பதாலேயே அச்சும் டயரும் பிரேக்கும் கூடுதல் பலம் பெற்றுவிடாது. ஆர்.சி.யில் எழுதிய எடையும் கூடிவிடாது. 2019 முதல் அதைத் தாண்டினால் அபராதம் 20,000 ரூபாய், மிகுதியான ஒவ்வொரு டன்னுக்கும் மேலும் 2,000.

இப்போது வண்டியில் ஒரு டேப் கிடக்கிறது. காலி வண்டியில் சக்கர நடுவிலிருந்து மேல் விளிம்பு வரை நாலு மூலையும் அளந்து கதவின் உள்பக்கம் எழுதியிருக்கிறேன். ஏற்றியபின் மறுபடி அளப்பேன். பின்பக்கம் கொஞ்சம் இறங்கட்டும், பட்டை அதற்குத்தான் இருக்கிறது. முன்பக்கம் காலி அளவைவிட எழும்பியிருந்தால் கயிற்றை அவிழ்த்துவிடுவேன். தளத்தில் பின் அச்சுக்கு நேர் மேலே சிவப்புப் பெயிண்டில் ஒரு கோடு. தண்ணீரும் ஜெனரேட்டரும் அரிசி மூட்டையும் கோட்டுக்கு முன்னால், கேபினை ஒட்டி. கூடாரமும் பாயும் பின்னால். டயர் காற்று, டிரைவர் கதவோரம் ஒட்டியிருக்கும் அட்டையில் பாரத்துக்கு என்று போட்டிருக்கும் அளவு.

இப்படி ஏற்றினால் தண்ணீர் கேன் கடைசியில்தான் இறங்கும். பிள்ளைகள் காத்திருக்க மாட்டார்கள். இரண்டு கேன்களை மட்டும் என் பக்கத்து சீட்டில் பெல்ட் போட்டு உட்காரவைத்து ஏற்றிப் போகிறேன்.