பழைய தோட்ட உழவு இயந்திரங்களின் மீட்டமைப்பு

பழைய தோட்ட உழவு இயந்திரங்களின் மீட்டமைப்பு என்பது, உற்பத்தி நின்றுபோன சிறிய டிராக்டர்களைப் பிரித்துச் சீர்செய்து மீண்டும் பயன்படும் நிலைக்குக் கொண்டுவரும் தொழில்நுட்பப் பணி ஆகும். ஐக்கிய அமெரிக்காவில் 1960களிலும் 1970களிலும் செய்யப்பட்ட இயந்திரங்களே பெரும்பாலும் இவ்வாறு மீட்டமைக்கப்படுகின்றன. இவற்றின் தூக்கு பொறிமுறைக்கான பாகங்கள் பல இன்று கடைகளில் கிடைப்பதில்லை. ஆகவே, வேறு மாதிரிகளின் பாகங்களைத் தகவமைத்துப் பொருத்துவது இப்பணியின் முக்கியப் பகுதியாக உள்ளது.

வரலாறு

கலப்பையை இயந்திரத்துடன் இணைத்து நீரியல் விசையால் தூக்கும் முறையை அயர்லாந்தைச் சேர்ந்த ஆரி பெர்கூசன் உருவாக்கினார். அவரது மும்முனை இணைப்பு 1939இல் வெளியான போர்டு 9என் டிராக்டரின் மூலம் பரவலாக அறிமுகமானது. பின்னர் இதே கருத்து சிறிய இயந்திரங்களிலும் இடம்பெற்றது.

1946இல் இந்தியானா மாநிலத்தில் தொடங்கப்பட்ட வீல் ஹார்ஸ், இவ்வகை இயந்திரங்களின் முன்னோடி நிறுவனங்களுள் ஒன்று. இது 1974இல் அமெரிக்கன் மோட்டார்ஸ் நிறுவனத்திடமும் 1986இல் டோரோ நிறுவனத்திடமும் சென்றது. 2007உடன் இப்பெயர் கைவிடப்பட்டது. இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் நிறுவனம் 1960இல் 7 குதிரைத்திறன் கொண்ட கப் கேடட் இயந்திரத்தைச் செய்யத் தொடங்கியது. இப்பிரிவு 1981இல் எம்.டி.டி. நிறுவனத்துக்கு விற்கப்பட்டது. ஜான் டியர் 1963இல் தனது 110 மாதிரியை வெளியிட்டது. உரிமை இவ்வாறு கைமாறியதும் காலம் கடந்ததும் பழைய பாகங்கள் அரிதானதற்குக் காரணங்களாகும்.

புல்வெட்டி இயந்திரத்திலிருந்து வேறுபாடு

புல்வெட்டுவதற்கு மட்டுமான சிறு டிராக்டர்கள் மெல்லிய தகட்டுச் சட்டம் கொண்டவை. தோட்ட உழவு இயந்திரமோ தடித்த எஃகுச் சட்டமும் வலுவான பின் பல்லிணைப் பெட்டியும் உடையது. எனவே கலப்பை, சமன்செய்யும் தகடு போன்று மண்ணில் பதிந்து இழுக்கும் கருவிகளை இது தாங்கும். உழவுக் கருவியைத் தாங்கும் தூக்கியை முன்னைய வகையில் பொருத்தினால் சட்டமும் பல்லிணைகளும் சேதமடையக்கூடும்.

மீட்டமைப்புப் படிகள்

முதலில் இயந்திரத்தின் தொடர் எண்ணும் மாதிரி எண்ணும் குறித்துக்கொள்ளப்பட வேண்டும். பிரிக்கும் முன் ஒவ்வொரு இணைப்பையும் ஒளிப்படம் எடுத்துக்கொள்வது பின்னர் பெரிதும் உதவும். இவ்வியந்திரங்களின் திருகாணிகள் பெரும்பாலும் அங்குல அளவிலானவை. மெட்ரிக் திருகாணியை வலிந்து முறுக்கினால் மரை அழிந்துவிடும்.

இவ்வியந்திரங்கள் பலவற்றில் கோலர் நிறுவனத்தின் கே வரிசை ஒற்றை உருளை எந்திரம் உள்ளது. இதன் உருளை வார்ப்பிரும்பால் ஆனது. இணைப்புத் தண்டு அலுமினியத்தால் ஆனது. எண்ணெய் தெறிப்பதன் மூலமே தண்டு உயவிடப்படுகிறது. ஆகவே எண்ணெய் குறைந்தாலோ, வேகக் கட்டுப்படுத்தி பழுதாகி எந்திரம் மிகை வேகத்தில் ஓடினாலோ தண்டு முறிந்து எந்திரக் கூடு உடையலாம். எந்திரத்தை இயக்கிப் பார்க்கும் முன் இவ்விரண்டும் சரிபார்க்கப்பட வேண்டும். பழைய தடைப் பட்டைகளிலும் அடைப்புத் தகடுகளிலும் கல்நார் இருக்கக்கூடும் என்பதால், அவற்றை உலர்ந்த நிலையில் தேய்ப்பதோ காற்றால் ஊதுவதோ கூடாது.

தூக்கு பொறிமுறை வகைகள்

* கைநெம்புகோல்: ஓட்டுநர் நெம்புகோலை இழுக்க, சட்டத்தின் குறுக்கே உள்ள தண்டு சுழன்று கருவியைத் தூக்கும். சுமையின் ஒரு பகுதியைத் துணைச் சுருள்வில் தாங்கும்.
* மின்தூக்கி: சிறு மின்னோடி திருகுத் தண்டொன்றை நீட்டிச் சுருக்கும்.
* நீரியல் தூக்கி: எண்ணெய் அழுத்தத்தால் உருளையின் ஆடுதண்டு நகரும். நீர்ம ஓட்டமைப்புடைய கப் கேடட் மாதிரிகளில் அவ்வமைப்பின் ஊட்டு எக்கியே இவ்வழுத்தத்தைத் தருகிறது.

பாகங்களைத் தகவமைத்தல்

வேறொரு மாதிரியின் தூக்கியைப் பொருத்தும் முன் விசையைக் கணக்கிட வேண்டும். எடுத்துக்காட்டாக, சுழல் தண்டிலிருந்து 30 செ.மீ. தொலைவில் 60 கி.கி. சுமை தொங்குவதாகக் கொள்வோம். அதே தண்டில் உள்ள 60 செ.மீ. கைநெம்புகோலால் தூக்க 30 கி.கி. விசை தேவை. ஒவ்வொரு முறையும் கையால் இவ்வளவு விசை தருவது கடினம். மாறாக, 10 செ.மீ. புயத்தில் நீரியல் உருளையைப் பொருத்தினால் அது 180 கி.கி. விசை தர வேண்டும். கருவி 20 செ.மீ. உயர, ஆடுதண்டு ஏறத்தாழ 7 செ.மீ. நகர்ந்தால் போதும். 38 மி.மீ. உள்விட்டமுடைய உருளைக்கு இதற்குச் சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 16 கி.கி. அழுத்தம் தேவை. உராய்வையும் புயத்தின் கோண மாற்றத்தையும் கருதி இரு மடங்கு வலுவுள்ள பாகங்களைத் தேர்வது நன்று.

கருவி நிலத்தின் மேடுபள்ளத்துக்கேற்பத் தானே மேலும் கீழும் அசைய வேண்டும். கைநெம்புகோலில் இது இயல்பாக அமையும். மின்தூக்கியோ இரு திசையிலும் விறைப்பானது. நீள்துளை உள்ள இணைப்புத் தகட்டையோ சங்கிலியையோ இடையில் வைக்காவிடில், மேடு வரும்போது தூக்கியோ அதன் தாங்கியோ வளைந்துவிடும். தகவமைப்பில் எளிதில் கவனிக்கத் தவறும் குறை இதுவே.

இணைப்பு அளவுகளும் பொருந்த வேண்டும். மும்முனை இணைப்பின் 0ஆம் வகையில் கீழ்ப்புய ஊசிகள் 5/8 அங்குல விட்டமுடையவை. இடைவெளி 20 அங்குலம். 1ஆம் வகையில் இவை முறையே 7/8 அங்குலம், 26 அங்குலம் ஆகும். 1ஆம் வகைக் கருவிகள் பொதுவாகத் தோட்ட இயந்திரத்துக்கு மிகு சுமையாகும்.

பாதுகாப்பு

தூக்கிய கருவியின் கீழ் வேலை செய்யும்போது நீரியல் அழுத்தத்தையோ சுருள்வில்லையோ நம்பக்கூடாது. உறுதியான தாங்கு கட்டையை வைக்க வேண்டும். பின்புறம் பளுவான கருவி உயரும்போது முன் சக்கரங்களின் மீதான சுமை குறைந்து, திருப்பும் ஆற்றல் இழக்கப்படும். முன்புறம் எதிர்ச்சுமை சேர்ப்பது இதற்குத் தீர்வாகும். இழுக்கும் புள்ளி பின் அச்சைவிட உயரமாக அமைந்தால் இயந்திரம் பின்னோக்கிக் கவிழக்கூடும். எனவே இழுவை எப்பொழுதும் அச்சுக்குக் கீழேயே இருக்க வேண்டும்.

அசல் தன்மையும் பயன்பாடும்

சட்டத்தில் துளையிடுவதும் பற்றவைப்பதும் பின்னர் எளிதில் மாற்ற இயலாதவை. ஆதலால், ஏற்கெனவே உள்ள துளைகளில் திருகாணியால் பொருத்தும் தாங்கிகளைச் செய்துகொள்வது சிறந்தது. கழற்றிய அசல் பாகங்களைப் பெயரிட்டுச் சேமித்தால், இயந்திரம் உழைக்கவும் செய்யும். வேண்டும்போது பழைய வடிவத்துக்குத் திரும்பவும் இயலும்.