கண்ணிக்குள் கண்ணி

பண்டிகைக்கு முதல் நாள் நிலைப்படியில் கட்டிய மாவிலைத் தோரணம், பண்டிகை முடிந்த இரண்டொரு தினங்களில் ஓரம் சுருண்டு, பச்சை மங்கிச் சருகாகிவிடுவது நாம் எல்லோரும் அறிந்த விஷயம். அந்த மாவிலையையே நூலில் பின்னி, இடையிடையே செண்டுமல்லிப் பூவையும் வைத்துத் தைத்து, வருஷக்கணக்கில் வாசலில் தொங்கும்படி செய்கிற கைத்தொழில் ஒன்று நம் வீட்டுக் கூடங்களில் நடந்து வருகிறது. குரோஷா என்று அதைச் சொல்கிறார்கள். மத்தியானப் பொழுதைக் கழிக்க ஏற்பட்ட வேலை என்று பலர் அதை லேசாகச் சொல்லிவிட்டாலும், நெருங்கிப் பார்க்கிறவனுக்கு அதற்குள்ளே க்ஷேத்திர கணிதப் பாடம் ஒன்று புலப்படும்.

குரோஷா என்ற பெயர், சிறு கொக்கி என்று பொருள்படும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது. கருவியும் அவ்வளவே: ஒரு சாண் நீளத்தில் ஒரு குச்சி, நுனியில் நூலைப் பற்றி இழுப்பதற்கு ஒரு வெட்டு. உல்லன் நூலுக்கு 4 மில்லிமீட்டர் கனமுள்ள ஊசியும், மெல்லிய பருத்தி நூலுக்கு அதிலும் சிறியதும் பொருந்தும். நூலில் ஒரு சுருக்கு முடிச்சுப் போட்டு ஊசியில் மாட்டி, இடது கை ஆள்காட்டி விரலின் மேல் விறைப்பாக ஓடும் நூலைக் கொக்கியால் பற்றி, அந்தச் சுருக்கின் வழியே வெளியே இழுத்தால் ஒரு கண்ணி பிறக்கிறது. அதன் வழியே மறுபடி இழுத்தால் இன்னொன்று. இந்தத் தொழிலின் இலக்கணம் முழுவதும் இந்த ஒரு சூத்திரத்தில் அடங்கிவிடுகிறது. கண்ணி என்ற நம் சொல்லுக்குத் தலையில் சூடும் மாலை என்றும், சங்கிலியின் வளையம் என்றும், பறவை பிடிக்கும் சுருக்கு என்றும் பொருள் உண்டு. மூன்றும் ஒருங்கே பொருந்துகிற தொழில் வேறொன்றை நான் அறியேன்.

இரண்டு ஊசி கொண்டு ஸ்வெட்டர் பின்னுகிறவர்களின் கையில், ஒரு வரிசையின் கண்ணிகள் அனைத்தும், நூறானாலும் இருநூறானாலும், ஏககாலத்தில் ஊசியிலேயே காத்திருக்கின்றன. குரோஷாவிலோ, ஒரு பின்னல் முடிந்து அடுத்தது தொடங்குமுன் ஊசியில் நிற்பது ஒரே கண்ணிதான்; மற்றவை எல்லாம் முடிந்துபோன காரியங்கள். ஆகையால் ஊசி வரிசைக்குக் கட்டுப்பட வேண்டியதில்லை. பின்னியதில் எந்த இடத்தில் வேண்டுமானாலும் நுழைந்து, எந்தத் திசையில் வேண்டுமானாலும் திரும்பலாம். இலையும் பூவும் இதில் இவ்வளவு சுலபமாக அமைவதற்குக் காரணம் அந்தச் சுதந்திரமே.

மாவிலையை எடுத்துக்கொள்வோம். பச்சை நூலில் 15 சங்கிலிக் கண்ணிகள் போட்டால் அதுவே இலையின் நடு நரம்பாகிறது. ஊசியை அடுத்த இரண்டாவது கண்ணியிலிருந்து தொடங்கி, முதலில் இரண்டு குட்டைப் பின்னல், பிறகு சற்று உயர்ந்தவை இரண்டு, நடுவில் நெட்டைப் பின்னல் ஆறு, மறுபடி இறங்குமுகமாக இரண்டும் இரண்டும் என்று போட்டுக்கொண்டு போனால் ஒரு பக்கத்து வளைவு தானே உருவாகும். கண்ணிக்குள் நுழையுமுன் நூலை ஊசியின் மேல் ஒரு சுற்றுச் சுற்றிக்கொள்வதால் பின்னல் உயரும், சுற்றாவிட்டால் குட்டையாகும். நுனிக் கண்ணியில் மட்டும் மூன்று பின்னல்களைத் திணித்து, அதே சங்கிலியின் மறுபக்கத்தில் அவ்வாறே திரும்பி வந்தால் இலை பூர்த்தியாகிவிடும்.

பூவில்தான் கணக்கு வருகிறது. சிறு வயதில் அத்தையிடம் பிடிவாதம் பிடித்து நான் பின்னிய முதல் பூ, எவ்வளவு நீவிவிட்டாலும் விரியாமல் மேல்நோக்கிக் குவிந்துகொண்டே போயிற்று. அத்தை அதை விரல் நுனியில் கவிழ்த்துப் பார்த்து, “பூப் பின்னச் சொன்னால் குங்குமச் சிமிழ் பின்னி வைத்திருக்கிறாயேடா! சுற்றுக்கு ஆறு கூட்ட வேண்டும் என்று சொன்னேனே, கூட்டினாயா?” என்றார். கூட்டவில்லை. ஏன் ஆறு என்பது பள்ளிக்கூடத்தில் வட்டத்தைப் படித்தபோதுதான் எனக்கு விளங்கிற்று. வட்டத்தின் சுற்றளவு அதன் ஆரத்தைப்போல் ஏறத்தாழ 6.28 மடங்கு. குட்டைப் பின்னலின் உயரமும் அகலமும் ஏறக்குறையச் சமமாகையால், ஒரு சுற்று முடிந்து ஆரம் ஒரு பின்னல் அளவு வளரும்போது, விளிம்பு ஆறு பின்னல் அளவு வளர வேண்டும். 6, 12, 18, 24 என்று போனால் தட்டையான வட்டம். அதற்குக் குறைந்தால் சிமிழ். அதிகரித்தால் விளிம்பு இடம் போதாமல் மேலும் கீழும் மடிந்து கொசுவமாகிவிடும்.

செண்டுமல்லியின் ரகசியம் இந்தக் கொசுவமே. 12 பின்னல் வந்தவுடன், ஒவ்வொன்றிலும் மும்மூன்றாகப் போட்டு 36 ஆக்கி, அடுத்த சுற்றில் அவ்வாறே 108 ஆக்கினால், 24 பின்னலுக்குரிய வட்டத்தில் 108 நெருக்கியடித்து நிற்க நேரிட்டு, இதழ் இதழாகச் சுருண்டு பூ மலர்ந்துவிடுகிறது. இவ்வாறு ஒரே விகிதத்தில் பெருகும் பரப்பை அதிபரவளையத் தளம் என்பார்கள். அதைக் காகிதத்தில் ஒட்டிச் செய்தால் எளிதில் கிழிந்துபோகிறது என்று கண்டு, லாத்வியாவில் பிறந்த டைனா டைமினா என்ற கணித விற்பன்னர், 1997-இல் அமெரிக்காவின் கார்னெல் சர்வகலாசாலையில், குரோஷா ஊசியால் அதைப் பின்னி மாணவர்களின் கையில் கொடுத்தார்.

இலையையும் பூவையும் தனித்தனியே பின்னிப் பிறகு இணைக்கும் இந்த முறைக்குச் சோகமான முன்கதை ஒன்று உண்டு. 1845-இல் தொடங்கி உருளைக்கிழங்குப் பயிர் அழுகி அயர்லாந்து பஞ்சத்தில் வாடியபோது, அங்கே கன்னிமாடங்களில் கற்பிக்கப்பட்ட குரோஷா லேஸ் அநேக குடும்பங்களுக்குக் கஞ்சி வார்த்தது. நம் தேசத்தில் கோதாவரி டெல்டாவிலுள்ள நரசாப்பூரில், பத்தொன்பதாம் நூற்றாண்டில் பாதிரிமார் வழியே வேரூன்றிய இத்தொழில் வீடு வீடாகப் பரவி, வெளிநாட்டு ஏற்றுமதியாக வளர்ந்தது. அந்தப் பெண்களைப் பற்றி மரியா மீஸ் என்ற ஜெர்மானிய அறிஞர் 1982-இல் ஒரு நூல் வெளியிட்டார். வீட்டில் உட்கார்ந்து ஓய்வு நேரத்தில் செய்வதுதானே என்ற அபிப்பிராயமே அவர்களுடைய கூலியைக் குறைத்து வைத்தது என்பதை அதில் எடுத்துக்காட்டினார். ஸ்வெட்டர் பின்ன யந்திரம் உண்டு. லேஸ் நெய்யவும் உண்டு. வளைந்து திரும்பி, நினைத்த கண்ணியில் நுழையும் அசலான குரோஷாவைச் சந்தைக்குச் செய்து தள்ளும் யந்திரம் மட்டும் இன்னும் வழக்கத்துக்கு வரவில்லை. ஆதலால், கடைவீதியில் அற்ப விலைக்குத் தொங்கும் குரோஷாத் தோரணத்தின் ஒவ்வொரு கண்ணியும் யாரோ ஒருவர் விரலைத் தொட்டு வந்ததுதான்.

கோக்கும்போது ஓர் எச்சரிக்கை. வெறும் சங்கிலியைச் சரடாகக் கட்டி இலைகளைத் தொங்கவிட்டால், கனத்தில் அது நீண்டு தொய்ந்து, உள்ளே வருகிறவர் நெற்றியில் இடிக்கும். சங்கிலியின் மேல் குட்டைப் பின்னலாக இரண்டு வரிசை போட்டுப் பட்டையாக்கி, அதில் ஒற்றைப்படை எண்ணிக்கையில் இலைகளைத் தைத்தால், நடுவில் ஓர் இலை நிற்க இருபுறமும் சமமாக அமையும்.

ஒவ்வோர் இலைக்கும் ஒவ்வொரு பூவுக்கும் கடைசிக் கண்ணி என்று ஒன்று உண்டு. முன்னே வந்த கண்ணிகளையெல்லாம் தாங்கி நிற்பது அதுவே. அதை மூடாமல் விட்டு ஒரு குழந்தை நூலைப் பிடித்து இழுத்தால், ஒரு மாலை நேரத்து உழைப்பு ஒரு நிமிஷத்தில் வெறும் நூலாகிவிடும். நூலை வெட்டி, நுனியைக் கண்ணிக்குள் செலுத்தி இறுக்கி, மீதி வாலைப் பின்னலுக்குள்ளே மறைத்த பிறகுதான் அத்தை ஊசியைக் கீழே வைப்பார். காப்பி ஆறிக்கொண்டிருந்தாலும் அதற்கு முன் எழுந்திருக்க மாட்டார்.