வீதியோரப் பிள்ளைக்காகப் பேசுபவருக்கு யார் பாதுகாப்பு?

யாழ்ப்பாணம் மத்திய பஸ் நிலையத்தில் பாடசாலை நேரத்தில் ஊதுபத்தி விற்கும் பிள்ளையை நாம் பார்த்திருக்கிறோம். நல்லூர் திருவிழாக் காலத்தில் கச்சான் கடைகளுக்கிடையே கையேந்தி நிற்கும் பிள்ளைகளையும் பார்த்திருக்கிறோம். இருபது ரூபாய் கொடுத்துவிட்டுக் கடந்துபோகிறோம். இந்தப் பிள்ளையை இங்கே நிறுத்தியது யார், சேரும் காசு யாருடைய கைக்குப் போகிறது என்று கேட்பவர்கள் மிகச் சிலர். கேட்கிற அந்தச் சிலரின் பாதுகாப்பைப் பற்றியதே இக்கட்டுரை.

ஏன் இவர்களுக்கு ஆபத்து?

கொக்குவிலில் எனது வகுப்பில் படிக்கும் ஒரு பிள்ளைக்கு யாராவது அடித்தால் மறுநாள் காலை தாய் பாடசாலை வாசலில் நிற்பார். பிறகு அதிபர் விசாரிப்பார். தேவைப்பட்டால் கிராம அலுவலரும் பொலிஸாரும் வருவார்கள். வீதியில் வாழும் பிள்ளைக்கு இவர்களில் ஒருவரும் இல்லை. சில வேளைகளில் பிறப்புச் சான்றிதழும் இல்லை. அதற்கு நடந்ததைப் பார்த்தவர், எழுதி வைத்தவர், முறைப்பாடு செய்தவர் எல்லாம் ஒரே ஒரு சமூகப் பணியாளராகவே இருப்பார்.

ஆகவே அந்த ஒருவரை மௌனமாக்கினால் வழக்கே இல்லாமல் போய்விடும். பிள்ளைகளைப் பிச்சைக்கு விடுபவருக்கும், போதைப்பொருள் கடத்தப் பயன்படுத்துபவருக்கும், பாலியல் துஷ்பிரயோகம் செய்பவருக்கும் இது நன்றாகத் தெரியும். அதனால் அவர்கள் குறிவைப்பது பிள்ளையை அல்ல, பிள்ளைக்காகப் பேசுபவரை.

யார் மனித உரிமைப் பாதுகாவலர்?

இச்சொல்லைக் கேட்டதும் சட்டத்தரணிகளும் பெரிய நிறுவனங்களும்தான் நினைவுக்கு வருகின்றன. ஆனால் 1998 டிசம்பர் 9ஆம் திகதி ஐக்கிய நாடுகள் பொதுச்சபை நிறைவேற்றிய பிரகடனம் ஒருவரின் பதவியைப் பார்ப்பதில்லை. பிறருடைய உரிமைக்காக அமைதியான வழியில் செயற்படும் எவரும் பாதுகாவலரே. ஆசிரியரும் தாதியும் பள்ளிவாசல் நிர்வாக சபை உறுப்பினரும் அதில் அடங்குவர். இவர்களைப் பாதுகாப்பது அரசின் கடமை என்றும் அப்பிரகடனம் சொல்கிறது.

முஸ்லிம்களுக்கு இது புதிய செய்தியல்ல. யெமன் தேசத்து வியாபாரி ஒருவருக்கு மக்காவில் பணம் மறுக்கப்பட்டபோது, அநீதி இழைக்கப்பட்டவரின் பக்கம் நிற்போம் என்று அப்துல்லாஹ் இப்னு ஜுத்ஆனின் வீட்டில் செய்யப்பட்ட உடன்படிக்கையே ஹில்புல் புழூல். இளமையில் அதில் கலந்துகொண்ட நபி (ஸல்) அவர்கள், இஸ்லாம் வந்த பின்னரும் அத்தகைய ஒன்றுக்கு அழைக்கப்பட்டால் தாம் பதிலளிப்பதாகக் கூறினார்கள். அந்த வியாபாரிக்கு மக்காவில் குலமும் இல்லை, உறவும் இல்லை. இன்று வீதியில் நிற்கும் பிள்ளையின் நிலையும் அதுதான். அன்று தனி ஒருவர் எழுந்து நிற்கவில்லை, பலர் கூட்டாகச் சேர்ந்து பொறுப்பேற்றார்கள் என்பதையும் நாம் கவனிக்க வேண்டும்.

நமது நாட்டில் நடந்தவை

யாழ்ப்பாணத்தில் சிறுவர் பாதுகாப்புப் பணியில் இருந்தவர் ஸ்டீபன் சுந்தரராஜ். பின்னர் மனித உரிமைகள் மற்றும் அபிவிருத்திக்கான நிலையத்தில் திட்ட இணைப்பாளராகக் கடமையாற்றினார். தடுத்து வைக்கப்பட்டிருந்து விடுவிக்கப்பட்ட அவர், 2009 மே 7ஆம் திகதி கொழும்பில் மனைவி, பிள்ளைகளின் கண்முன்னே சீருடை அணிந்தவர்களால் கடத்தப்பட்டார். அதன் பின்னர் அவர் வீடு திரும்பவில்லை.

புத்தளத்தில் இடம்பெயர்ந்த மக்களுக்காக உழைத்த பட்டாணி ராசிக்கை வடபுல முஸ்லிம்கள் மறந்திருக்க முடியாது. 2010 பெப்ரவரி 11ஆம் திகதி காணாமற்போன அவருடைய உடல், 2011 ஜூலை மாதம் வாழைச்சேனைப் பகுதியில் புதைக்கப்பட்ட நிலையில் கண்டெடுக்கப்பட்டது.

வன்முறைக்குப் பதிலாகச் சட்டமே ஆயுதமாவதும் உண்டு. வறிய பிள்ளைகளின் கல்விக்கு உதவிய 'சேவ் த பேர்ல்ஸ்' அமைப்புடன் தொடர்புடைய சட்டத்தரணி ஹிஜாஸ் ஹிஸ்புல்லாஹ் 2020 ஏப்ரல் 14ஆம் திகதி கைதானார். பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் தடுத்து வைக்கப்பட்ட அவருக்கு 2022 பெப்ரவரியில்தான் பிணை கிடைத்தது. அவருக்கு எதிராகச் சொல்லும்படி தாங்கள் வற்புறுத்தப்பட்டதாகப் பிள்ளைகள் சிலரின் சார்பில் உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனுக்கள் தாக்கல் செய்யப்பட்டன. 2020 மே மாதம் புத்தளத்தில் கற்பித்த இளம் ஆசிரியர் அஹ்னாப் ஜஸீம் தனது கவிதை நூலுக்காகக் கைது செய்யப்பட்டார். 2023 டிசம்பரில் நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. அதற்குள் மூன்றரை வருடங்கள் கடந்துவிட்டன.

இப்படியான கைதுகளின் விளைவு சிறைக்குள் இருப்பவரோடு முடிவதில்லை. ஏழைப் பிள்ளைக்கு உதவப் போனால் நமக்கும் இதுதான் நடக்குமோ என்ற பயம் நூறு பேரைப் பின்வாங்கச் செய்கிறது.

பாதுகாக்கப்பட்டால் என்ன நடக்கும்?

குவாத்தமாலா நகரில் 1990இல் வீதியில் வாழ்ந்த ஐந்து இளைஞர்கள் கொல்லப்பட்டனர். அவர்களுள் மூவர் 18 வயதை எட்டாதவர்கள். உள்ளூர் நீதிமன்றங்கள் பொலிஸாரை விடுவித்தன. வீதிச் சிறுவர்களுக்காகப் பணியாற்றிய காசா அலியான்சா அமைப்பினர் கொலை மிரட்டல்களுக்கு மத்தியிலும் விடவில்லை. 1999 நவம்பர் 19ஆம் திகதி, அரசே பொறுப்பு என்று அமெரிக்க நாடுகளுக்கிடையிலான மனித உரிமைகள் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஒரு கல்வி நிலையத்துக்கு அவர்களை நினைவுகூரும் பெயரைச் சூட்டுமாறும் 2001இல் அது கட்டளையிட்டது. சாட்சி சொல்லும் அமைப்பு உயிரோடு நிலைத்து நின்றதால்தான் இத்தனையும் சாத்தியமாகின.

நமக்கு இருக்கும் வழிகள்

இலங்கையில் மனித உரிமைப் பாதுகாவலர்களுக்கென்று தனிச் சட்டம் இல்லை. ஆயினும் கையில் ஒன்றுமே இல்லை என்பதும் சரியல்ல.

1998ஆம் ஆண்டின் 50ஆம் இலக்கச் சட்டத்தால் உருவானது தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபை. அதன் 1929 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு எவரும் முறையிடலாம். 2023ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கச் சட்டம் குற்றச்செயலால் பாதிக்கப்பட்டோருக்கும் சாட்சிகளுக்கும் பாதுகாப்பு அளிக்கிறது. சாட்சியை மிரட்டுவது தனிக் குற்றமாகும். அரச அதிகாரி ஒருவரால் அடிப்படை உரிமை மீறப்பட்டால் ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றம் செல்லலாம். அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிட்டால், அங்கு விசாரணை நிலுவையில் இருக்கும் காலம் அக்கணக்கில் சேராது. இதை அறியாமல் காலம் கடத்தி உரிமையை இழந்தவர்கள் உண்டு.

ஆசிரியர் கலாசாலையில் எங்களுக்குச் சிறுவர் உளவியல் கற்பித்தார்கள். துஷ்பிரயோகத்தை முறையிடும் ஆசிரியருக்கு மிரட்டல் வந்தால் என்ன செய்வது என்று யாரும் கற்பிக்கவில்லை. அந்தப் பாடம் ஒவ்வொரு கலாசாலையிலும் இடம்பெற வேண்டும்.

ஊராகச் செய்யக்கூடியது

முதலாவது, முறைப்பாட்டைத் தனி ஒருவரின் பெயரில் கொடுக்காதீர்கள். பள்ளிவாசல் நிர்வாகமோ பாடசாலை அபிவிருத்திச் சங்கமோ எழுத்தில் கொடுக்கட்டும். பத்துப் பேர் கையொப்பமிட்ட கடிதத்தை மிரட்டுவது கடினம். பிரதேச செயலகத்திலுள்ள சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தருக்கும் பிரதி அனுப்புங்கள்.

இரண்டாவது, மிரட்டல் வந்த அன்றே திகதி, நேரம், சொல்லப்பட்ட வார்த்தைகள் ஆகியவற்றை எழுதி வைத்துப் பொலிஸில் பதிவு செய்யுங்கள். தொலைபேசிக் குறுஞ்செய்தியை அழித்துவிடாதீர்கள்.

மூன்றாவது, பிள்ளைகளோடு பணியாற்றுபவரும் கேள்விக்கு அப்பாற்பட்டவர் அல்லர். பிள்ளையைத் தனியே அழைத்துச் செல்லாமை, கணக்கு வழக்குகளைத் திறந்து வைத்தல், பிள்ளையின் படத்தை முகநூலில் போடாமை என்ற ஒழுங்குகள் பிள்ளைக்கும் பாதுகாப்பு, பொய்க் குற்றச்சாட்டிலிருந்து பணியாளருக்கும் பாதுகாப்பு.

நான்காவதைச் சொல்வது எளிதல்ல. முறைப்பாடு நமது மத்ரஸா மீதோ நமது அநாதை இல்லம் மீதோ வரும்போது என்ன செய்கிறோம்? பல ஊர்களில் முதலில் கேட்கும் குரல், "ஊரின் மானத்தைக் கெடுக்கிறான்" என்பதே. வெள்ளை வானும் சிறையும் செய்யும் வேலையை அந்த ஒரு வாக்கியமே செய்துவிடுகிறது. அநாதையை விரட்டுபவனைப் பற்றி மாஊன் அத்தியாயத்தில் என்ன வந்திருக்கிறது என்பது நமக்குத் தெரியும். அநாதைக்காகப் பேசுபவரை ஊரைவிட்டு விரட்டினால், நாம் யாருடைய பக்கம் நிற்கிறோம்?

அடுத்த முறை ஒருவர் ஒரு பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு பள்ளிவாசல் வாசலுக்கு வந்து, நடந்ததைச் சொல்ல வாய் திறந்தால், முதலில் அவருக்கு ஒரு கதிரை போடுவோம். அவர் சொல்லி முடிக்கும்வரை கேட்போம். பிறகு அவரோடு சேர்ந்து நாமும் கையொப்பமிடுவோம்.