குடலில் ஆபரேஷன்; சிறுநீருக்கு ஏன் தடை?

மலக்குடலில் இருந்த புற்றுநோய்க் கட்டியை எடுத்தாயிற்று. ஆபரேஷன் வெற்றி. சில நாட்களில் நர்ஸ் வந்து, சிறுநீர் இறங்க வைத்திருந்த குழாயையும் எடுத்துவிட்டுப் போகிறார். நோயாளி மெல்ல எழுந்து கழிவறைக்குப் போகிறார். கால் மணி நேரம் ஆகிறது. அடிவயிறு கல்லாகக் கனக்கிறது. ஒரு சொட்டுக்கூட வரவில்லை!

"கத்தி வைத்தது குடலில்தானே? இதற்கு என்ன வந்தது?" என்று வீட்டார் கலங்குகிறார்கள்.

நூலிழை நரம்புகள்

மலக்குடலும் சிறுநீர்ப் பையும் அடுத்தடுத்த வீட்டுக்காரர்கள். பையைச் சுருங்கச் செய்யும் நரம்புகள் முதுகெலும்பின் அடியிலிருந்து கிளம்பி, மலக்குடலின் இரு பக்கத்தையும் ஒட்டியே வருகின்றன. கட்டியை எடுக்கும்போது அவை இழுபட்டால், சில வாரங்களோ மாதங்களோ மரத்துக் கிடந்துவிட்டுப் பிறகு தேறும். அறுபட்டால்தான் பெருந்தொல்லை. முன்பு சர்ஜன்கள் கையை உள்ளே விட்டுத் தடவிப் பிரித்தெடுத்தார்கள். இங்கிலாந்தில் பேசிங்ஸ்டோக் நகரத்து டாக்டர் ஹீல்ட், குடலைச் சுற்றிய உறையோடு, கண்ணால் பார்த்துப் பார்த்து அறுத்தெடுக்கும் முறையை 1982இல் விளக்கினார். அது பரவிய பின் நரம்புகள் தப்புவது அதிகமாயிற்று.

ஏமாற்றும் அறிகுறி ஒன்று உண்டு. சிலருக்குச் சொட்டுச் சொட்டாகப் போய்க்கொண்டே இருக்கும். "போகிறதே!" என்று திருப்தி அடைந்துவிடுவார்கள். உண்மையில் பை நிரம்பி வழிகிறது! அப்படியே விட்டால் சிறுநீரகத்துக்கே ஆபத்து. வெட்கப்பட்டு மறைக்காமல் அன்றைக்கே டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும். தண்ணீர் குடிப்பதை நிறுத்துவது வைத்தியம் ஆகாது, முக்குவதும் ஆகாது.

மிச்சிகன் டாக்டரின் துணிச்சல்

அமெரிக்காவில் மிச்சிகன் சர்வகலாசாலை டாக்டர் ஜாக் லாப்பிடஸ் 1972இல் ஒரு வழி சொன்னார். நோயாளியே மெல்லிய குழாயைச் செலுத்திச் சிறுநீரை இறக்கிவிட்டு, உடனே எடுத்துவிடலாம். கையைச் சோப்புப் போட்டுக் கழுவினால் போதும். ஆபரேஷன் அறைச் சுத்தம் தேவையில்லை! பை அளவுக்கு மீறி உப்பி நிற்பதுதான் தொற்றுக்கு முக்கிய காரணம் என்பது அவர் வாதம். அந்த முறைதான் இன்று உலகெங்கும் நடக்கிறது.

நாளுக்கு 4 முதல் 6 தடவை. ஒரு தடவைக்கு 500 மில்லிக்கு மேல் சேர விடக்கூடாது. முதல் நாள் கை நடுங்கத்தான் செய்யும். நர்ஸ் பக்கத்தில் இருந்து சொல்லித் தருவார். பெண்களுக்கு ஒரு சிறு முகக்கண்ணாடி உதவும்.

தானாகப் போனது எவ்வளவு, குழாயில் வந்தது எவ்வளவு என்று ஒரு நோட்டில் குறித்துவர வேண்டும். நரம்பு தேறத் தேற முதல் எண் ஏறும்; இரண்டாவது இறங்கும். அது 100 மில்லிக்குக் கீழே வந்து அப்படியே நின்றால், நோட்டைப் பார்க்கும் டாக்டர் பெரும்பாலும் குழாயை நிறுத்திவிடுவார்.